பாடசாலையின் சாவி யார் கையில்?

"ரெண்டு தவணையா மகள்ட வகுப்புல கணக்குப் பாடம் நடக்கல்ல ராத்தா. அதிபர்ட்ட கேட்டா, கோட்டத்துல கேளுங்க என்கிறார். கோட்டத்துல கேட்டா, வலயத்துக்குப் போங்க என்கிறாங்க. வலயத்துக்குப் போனா, உங்கட பாடசாலையில கணித ஆசிரியர் வெற்றிடமே இல்லியே என்டு பட்டியலக் காட்டுறாங்க. வகுப்புல இல்லாத டீச்சர் பட்டியல்ல மட்டும் எப்படி ராத்தா இருப்பாங்க?"

பக்கத்துத் தெருவிலிருந்து வந்த அந்தத் தாய், கையிலிருந்த கடித உறையை மேசையில் வைத்துவிட்டு இப்படிக் கேட்டார். மகள் பத்தாம் தரத்தில் படிக்கிறாள். அடுத்த வருடம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை. கணிதத்தில் சித்தி பெறாவிட்டால் உயர்தரம் செல்லும் வழி குறுகிவிடும். ஆண் பிள்ளை என்றால் மறுமுறை எழுதட்டும் என்று விட்டுவிடுவோம். பெண் பிள்ளைக்கோ, பரீட்சை முடிவு வந்த மறுமாதமே வீட்டில் வேறு பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. தனியார் வகுப்புக்கு அனுப்பக் கையில் வசதியில்லை. வாப்பா கத்தாரில் இருக்கிறார். வீட்டுக் காரியம் எல்லாம் இந்தத் தாயின் தலையில்தான்.

அவர் அலைந்த அலைச்சலைக் கேட்டபோது ஓர் உண்மை புலப்பட்டது. கேட்க வேண்டியதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். ஆனால் எந்தக் கேள்வியை எந்தக் கதவில் கேட்க வேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பிள்ளையைப் பதின்மூன்று வருடம் ஒரு பாடசாலைக்கு அனுப்புகிறோம். அந்தப் பாடசாலையை நடத்துவது யார், ஆசிரியரை அனுப்புவது யார், பணத்தைக் கொடுப்பது யார், கணக்கைக் கேட்பது யார் என்று ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்திருக்கிறோமா?

முன்பு எப்படி இருந்தது?

இன்று அரசாங்கப் பாடசாலை என்று நாம் சொல்லும் பலவும் தொடக்கத்தில் அரசாங்கத்துடையவையாக இருக்கவில்லை. மிஷன்மாரும், சமயச் சங்கங்களும், ஊர்ப் பெரியவர்களும் பாடசாலைகளை நடத்தினார்கள். அரசாங்கம் உதவிப் பணம் கொடுத்தது. 1945ஆம் ஆண்டு சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. பாடநூல்கள் 1980 முதலும், சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின.

இதனால் விளைந்த நன்மை பெரிது. ஏழை வீட்டுப் பிள்ளையும் பல்கலைக்கழகம் போக முடிந்தது. நமது பெண் பிள்ளைகள் டாக்டராகவும் ஆசிரியையாகவும் வந்தது இந்த வழியால்தான். ஆனால் கூடவே வேறொன்றும் நடந்தது. ஊர் கட்டிய பாடசாலை கொழும்பின் கைக்குப் போனது. அங்கிருந்து ஓர் உத்தரவு வந்தால் ஊர் கைகட்டி நிற்கும். "இன்ஸ்பெக்டர் ஐயா வருகிறார்" என்றதும் பாடசாலை முழுவதும் கூட்டித் துடைக்கப்பட்ட காலத்தை நமது உம்மும்மாமார் இன்னும் சொல்வார்கள்.

1987ஆம் ஆண்டு அரசியலமைப்புக்கான 13ஆவது திருத்தம் வந்தது. மாகாண சபைகள் அமைந்தன. கல்வி மாகாணங்களுக்குப் பகிரப்பட்டது. இன்று நாட்டிலுள்ள பத்தாயிரத்துக்குச் சற்றுக் கூடிய அரசாங்கப் பாடசாலைகளில் சுமார் நானூறு தவிர ஏனைய அனைத்தும் மாகாணப் பாடசாலைகளே. ஆகவே, உங்கள் ஊர்ப் பாடசாலை பெரும்பாலும் மாகாணத்துக்குரியது என்பதை முதலில் மனதில் பதித்துக் கொள்ளுங்கள்.

ஐந்து படிகள்

மாகாணப் பாடசாலை ஒன்றின் நிர்வாகத்தை ஒரு படிக்கட்டாக நினைத்துக் கொண்டால் விளங்கிக் கொள்வது எளிது.

அடிப்படியில் நிற்பவர் அதிபர். நேரசூசி, வகுப்புப் பிரிப்பு, இருக்கின்ற ஆசிரியர்களுக்குப் பாடங்களைப் பகிர்தல், ஒழுக்கம், வரவு இவை அவர் பொறுப்பு. புதிய ஆசிரியர் ஒருவரை நியமிக்கவோ, இருப்பவரை வேறு பாடசாலைக்கு மாற்றவோ அவருக்கு அதிகாரமில்லை. அவர் கேட்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது படி கோட்டக் கல்வி அலுவலகம். நாட்டில் முந்நூறுக்கு மேற்பட்ட கோட்டங்கள் உள்ளன. கோட்டக் கல்விப் பணிப்பாளர் அருகிலிருந்து பாடசாலைகளைப் பார்ப்பவர், மேற்பார்வை செய்பவர், மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புபவர். அவரிடம் கண் உண்டு, காது உண்டு. கையெழுத்து அதிகாரம் குறைவு.

மூன்றாவது படிதான் மிக முக்கியமானது. அது வலயக் கல்வி அலுவலகம். நாடு முழுவதும் ஏறத்தாழ நூறு வலயங்கள் இருக்கின்றன. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கிண்ணியா, மட்டக்களப்பு மத்தி, புத்தளம், மாவனல்லை என்று நமக்குப் பழக்கமான பெயர்கள் பல இதில் உண்டு. வலயத்துக்குள் எந்த ஆசிரியர் எங்கே கற்பிப்பது, எந்தப் பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்கு, சம்பளம், லீவு, ஆசிரிய ஆலோசகர்களின் வேலை எல்லாம் இங்கேதான். ஒரு பாடசாலையின் நாளாந்த வாழ்வை மாற்றக்கூடிய கையெழுத்து வலயக் கல்விப் பணிப்பாளரின் கையெழுத்தே.

நான்காவது படி மாகாணக் கல்வித் திணைக்களம். அதன் தலைவர் மாகாணக் கல்விப் பணிப்பாளர். ஒரு வலயத்திலிருந்து இன்னொரு வலயத்துக்கு ஆசிரியரை மாற்றுவது போன்றவை இங்கே வரும்.

ஐந்தாவது படி மாகாணக் கல்வி அமைச்சு. அதற்கு ஒரு செயலாளர் உண்டு. மக்கள் தெரிவு செய்த மாகாண சபையிலிருந்து ஒரு கல்வி அமைச்சரும் இருக்க வேண்டும். ஆனால் மாகாண சபைகளின் பதவிக் காலம் 2017க்கும் 2019க்கும் இடையில் ஒவ்வொன்றாக முடிவடைந்தது. அதன் பின் பல வருடங்களாகத் தேர்தல் நடைபெறாமல், ஆளுநர்களே மாகாணங்களை நடத்தி வந்திருக்கிறார்கள். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. அப்படியென்றால், பாடசாலைக்காக நாம் வாக்களித்து அனுப்பிய ஒருவரிடம் "ஏன் இப்படி?" என்று கேட்கும் வாய்ப்பு இத்தனை காலமும் அடைபட்டுக் கிடந்தது என்பதுதானே பொருள்?

இந்தப் படிக்கட்டுக்கு வெளியே கொழும்பில் சில நிறுவனங்கள் உள்ளன. பாடத்திட்டம் தயாரிப்பது மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம். பரீட்சை நடத்துவது பரீட்சைத் திணைக்களம். பாடநூல் அச்சிடுவது கல்வி வெளியீட்டுத் திணைக்களம். பொதுவான கொள்கையும் சுற்றுநிருபங்களும் பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி அமைச்சிலிருந்து வருகின்றன. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை வரும்படி தவணைகளைத் தனியாக வகுத்து அறிவிப்பதும் அந்த அமைச்சே. பாடநூலில் பிழை இருந்தால் அதிபரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை.

தேசிய பாடசாலை என்றால்?

நமது ஊர்களில் "எங்கட ஸ்கூல தேசிய பாடசாலையாக்கணும்" என்ற பேச்சு அடிக்கடி எழும். தேர்தல் காலத்தில் அது வாக்குறுதியாகவும் வரும். தேசிய பாடசாலை என்பது மாகாணத்தின் கீழ் வராமல் நேரடியாக மத்திய கல்வி அமைச்சின் கீழ் வரும் பாடசாலை. அதன் அதிபரையும் ஆசிரியரையும் இடமாற்றுவது கொழும்பு. பெயர்ப் பலகை மாறுவதால் மட்டும் பெளதிகவியல் ஆசிரியர் வந்துவிட மாட்டார். சில வேளை, பக்கத்து வலய அலுவலகத்தில் முடிய வேண்டிய காரியத்துக்கு இசுருபாய வரை பஸ் ஏற நேரிடும். நன்மையும் உண்டு, சிரமமும் உண்டு. ஊர் கூடி முடிவெடுக்கும் முன் இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்து, பாடசாலையின் வகையையும் தெரிந்து வைத்திருங்கள். 1ஏபி என்றால் விஞ்ஞானம் உட்பட உயர்தரப் பிரிவுகள் உள்ள பாடசாலை. 1சி என்றால் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும். வகை 2 என்றால் பதினோராம் தரம் வரை. வகை 3 ஆரம்ப வகுப்புகளுக்குரியது. மகளை ஆறாம் தரத்தில் சேர்க்கும்போதே இதைக் கேட்டு வைத்துக் கொள்ள வேண்டும். விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் பிள்ளை, பதினோராம் தரம் முடிந்த பிறகுதான் "இங்கே விஞ்ஞானப் பிரிவு இல்லை" என்று அறிந்து கண்ணீர் விடுவதை நாம் கண்டிருக்கிறோம். தூர ஊருக்கு அனுப்பப் பயந்து, அவளைக் கலைப் பிரிவில் உட்கார வைத்துவிடுவதையும் கண்டிருக்கிறோம்.

பட்டியலில் இருக்கும் டீச்சர் எங்கே?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

ஒவ்வொரு பாடசாலைக்கும் மாணவர் தொகையையும் பாடங்களையும் வைத்து இத்தனை ஆசிரியர் என்று ஒரு கணக்கு உண்டு. அதை ஆளணி என்பார்கள். கணிதத்துக்கு மூவர் என்று ஆளணியில் இருந்து, மூன்று பெயர்கள் பட்டியலில் இருந்தால் வெற்றிடம் இல்லை. அலுவலகம் சொன்னது பொய்யல்ல.

ஆனால் பட்டியலிலுள்ள ஓர் ஆசிரியை "இணைப்பு" என்ற பெயரில் நகரத்துப் பாடசாலை ஒன்றில் கற்பித்துக் கொண்டிருக்கலாம். இணைப்பு என்பது தற்காலிக ஏற்பாடு. சம்பளப் பெயர் ஒரு பாடசாலையில். வேலை வேறொரு பாடசாலையில். பெயர் இங்கே இருப்பதால் வேறு ஒருவரை அனுப்ப மாட்டார்கள். ஆள் அங்கே இருப்பதால் இங்கே பாடம் நடக்காது. கதிரை வெறுமை, பட்டியல் நிறைவு. கஷ்டப் பிரதேசப் பாடசாலைகள் பலவற்றின் நோய் இதுதான்.

இன்னொரு காரணம் பிரசவ லீவு. அரசாங்க ஆசிரியைக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் உரித்து; தேவைப்பட்டால் அரைச் சம்பளத்துடனும் சம்பளமின்றியும் அதை நீடிக்கலாம். அது அவருடைய உரிமை. நாமும் தாய்மாரே; அதைக் குறை கூறலாகாது. பிழை எங்கே என்றால், அவர் போகும் நாள் முன்கூட்டியே தெரிந்திருந்தும் பதில் ஏற்பாடு செய்யாத நிர்வாகத்தில். பிள்ளை பெற்று வந்த ஆசிரியையை ஏசுவதை விட்டு, "அவர் இல்லாத நாட்களுக்கு யார்?" என்று நாம் கேட்க வேண்டும்.

மூன்றாவது காரணம், பாடம் மாறிக் கற்பித்தல். கணிதத்துக்கு நியமனம் பெற்றவர் வேறு பாடம் எடுத்துக் கொண்டிருப்பார். இதைச் சரிசெய்ய அதிபராலேயே முடியும்.

ஆகவே, "கணித டீச்சர் இல்லை" என்பது ஒரே முறைப்பாடு போலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கலாம். மூன்றுக்கும் மூன்று வைத்தியர். "வெற்றிடம் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். "பட்டியலிலுள்ள கணித ஆசிரியர் மூவரும் இன்று எங்கே கடமையாற்றுகிறார்கள்?" என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

பணம் வரும் வழி

ஆசிரியர் சம்பளம் மாகாணத்தினூடாக வந்தாலும், அதன் பெரும்பகுதி மத்திய அரசு நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி மாகாணங்களுக்கு ஒதுக்கும் பணமே. கல்விக்குப் போகும் பணத்தில் பெரும்பங்கு சம்பளத்துக்கே தீர்ந்துவிடும். மீதியில் கட்டடம், தளபாடம், திருத்த வேலை. கற்றல் கற்பித்தல் பொருட்களுக்காகத் தர உள்ளீட்டு நிதி என்றொன்று பாடசாலைக்குக் கிடைக்கும். அதைக் கொண்டு என்ன வாங்குவது என்று திட்டமிடுவது பாடசாலையே.

இதற்கு மேல் வருவதுதான் பெற்றோரின் பணம். பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தா, வசதிக் கட்டணம், வகுப்புக்குத் திரைச்சீலை, சுவருக்கு வர்ணம், ஆசிரியர் தினத்துக்குக் காசு என்று அது நீளும். கல்விக்குக் கட்டணம் இல்லாத நாட்டில் மாதக் கடைசியில் ஓர் உம்மா சீனி டப்பாவிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணுவது இதற்காகத்தான். கொடுப்பது பிழையல்ல. ஆனால் கொடுத்த ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத பணம் கணக்கில் வராத பணம். கேட்பதில் வெட்கமும் இல்லை, அவமரியாதையும் இல்லை. நேர்மையான அதிபருக்கு அது பாதுகாப்பே.

வருவது உம்மாமார், தெரிவாவது வாப்பாமார்

பெற்றோருக்குத் திறந்திருக்கும் ஒரு கதவு பாடசாலை அபிவிருத்திச் சங்கம். பெற்றோர், பாதுகாவலர், ஆசிரியர், பழைய மாணவர் இதன் அங்கத்தவர்கள். அதிபரே தலைவர். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழு தெரிவாகும், கணக்கறிக்கை வாசிக்கப்படும். 2006ஆம் ஆண்டு முதல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் என்ற ஏற்பாட்டின் கீழ் பாடசாலை அபிவிருத்திக் குழு என்ற அமைப்பும் பாடசாலைகளுக்கு வந்தது. அதிலும் பெற்றோர் பிரதிநிதிகள் உண்டு. பாடசாலையின் வருடத் திட்டத்தில் எதற்கு முதலிடம் என்று பேசும் இடம் இது. சிறிய கட்டட வேலைகளும் திருத்த வேலைகளும் சங்கத்தின் ஊடாகச் செய்யப்படுவதுண்டு.

இப்போது கண்ணை மூடி, உங்கள் பாடசாலையின் கடைசிப் பொதுக்கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். மண்டபம் நிறைய இருந்தது யார்? கைக்குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு பின் வரிசையில் இருந்த தாய்மார். குழுவுக்குப் பெயர் முன்மொழியப்பட்டபோது எழுந்தது யார்? வாசலருகே நின்று கொண்டிருந்த நாலைந்து ஆண்கள். அவர்களில் சிலருடைய பிள்ளைகள் அந்தப் பாடசாலையில் படிப்பதே இல்லை!

ஆண்கள் குழுவில் இருக்கக் கூடாது என்பதல்ல நமது வாதம். பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவுத் தாழ்ப்பாள் இல்லை என்பதும், தண்ணீர் வராததால் மாதத்தில் சில நாட்கள் மகள் பாடசாலைக்கே போக மறுக்கிறாள் என்பதும் எந்த வாப்பாவுக்குத் தெரியும்? தெரிந்தாலும் கூட்டத்தில் எழுந்து சொல்வாரா? மேடைக்குத் திரைச்சீலை போடவும், வாசலுக்குக் கொங்கிரீட் வளைவு கட்டவும் பணம் ஒதுக்கப்படுவதற்கும், தாழ்ப்பாளுக்கு ஒதுக்கப்படாமல் போவதற்கும் காரணம் இதுதான். யார் குழுவில் இருக்கிறாரோ அவர் கண்ணில் படுவதுதான் திட்டத்தில் ஏறும்.

எனவே சகோதரிகளே, அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் நாலு தாய்மார் ஒரு வீட்டில் கூடிப் பேசுங்கள். யார் பெயரை யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது என்று முடிவு செய்து கொண்டு போங்கள். மகள் வெளிநாட்டில் இருக்க, பேரப்பிள்ளையை வளர்க்கும் உம்மும்மாவும் பாதுகாவலர்தான். அவருக்கும் அங்கே இடமுண்டு.

முதலாம் தரத்து அனுமதி

வலயம், அமைச்சு என்ற சொற்கள் நமது வீட்டுக்குள் முதன்முதலாக நுழைவது முதலாம் தர அனுமதி நேரத்தில்தான். பிரபல பாடசாலைகளுக்கு இடத்தைவிட விண்ணப்பம் அதிகம். கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் இடங்களைப் பகிர்ந்து வந்திருக்கும் முறை இது: பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு நூற்றுக்கு 50, பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கனவே படிப்பவரின் சகோதரருக்கு 15, கல்வித்துறை ஊழியரின் பிள்ளைகளுக்கு 5, இடமாற்றம் பெற்று வந்த உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியோருக்கு 1. சுற்றுநிருபம் வருடா வருடம் வருவதால், விண்ணப்பிக்கும் வருடத்தின் பிரதியையே வாசிக்க வேண்டும்.

வதிவிடத்தை நிரூபிப்பது தேர்தல் இடாப்பும் வீட்டு உறுதியும். வீட்டுக்கும் அந்தப் பாடசாலைக்கும் இடையில் பிள்ளை சேரக்கூடிய வேறு பாடசாலைகள் இருந்தால் அவற்றுக்காகப் புள்ளி குறையும். இங்கே தாய்மார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிழக்கில் வீடு பெண்ணின் பெயரில் இருப்பது நம் வழக்கம். ஆனால் கல்யாணத்தோடு கொடுத்த வீட்டுக்கு உறுதி எழுதாமல் வாய் வார்த்தையோடு விட்ட குடும்பங்கள் பல. கிராம உத்தியோகத்தர் பட்டியல் எடுக்க வரும்போது பெயரைப் பதியாமல் விட்ட மனைவிமாரும் பலர். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது அந்தக் கவலையீனம் புள்ளிக் குறைவாகத் திரும்பி வந்து நிற்கும். பிள்ளை தொட்டிலில் இருக்கும்போதே இவற்றைச் சரிசெய்து விடுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுக் குழு உண்டு. அதற்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தரகர் ஒருவரின் கையில் கொடுக்கும் பணம் மேன்முறையீடு ஆகாது.

வேறு நாட்டில் எப்படி?

அமெரிக்காவில் பாடசாலை மாவட்டம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்நாட்டில் அத்தகைய மாவட்டங்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். பெரும்பாலானவற்றில் ஊர் மக்களே வாக்களித்து ஐந்து அல்லது ஏழு பேர் கொண்ட ஒரு கல்விச் சபையைத் தெரிவு செய்கிறார்கள். அந்தச் சபை ஒரு தலைமைக் கல்வி அதிகாரியைச் சம்பளத்துக்கு நியமிக்கிறது. வரவு செலவுத் திட்டம் பகிரங்கக் கூட்டத்தில் வாசிக்கப்படுகிறது. ஊர்ப் பெண்கள் எழுந்து கேள்வி கேட்கிறார்கள். பதில் திருப்தியில்லை என்றால் அடுத்த தேர்தலில் ஆளை மாற்றுகிறார்கள்.

அது குறையே இல்லாத ஏற்பாடு என்று எண்ணி விடாதீர்கள். அங்கே பாடசாலைப் பணத்தில் கணிசமான பங்கு ஊரிலுள்ள வீடு வாசல்களின் வரியிலிருந்து வருகிறது. அதனால் செல்வந்த ஊரின் பாடசாலை செழிக்க, ஏழை ஊரின் பாடசாலை பின்தங்குகிறது. நமது முறையிலோ சம்பளம் எங்கும் ஒன்று. பாடநூல் எங்கும் ஒன்று. நம்மிடம் சமத்துவத்துக்கு வழி இருக்கிறது. கேள்வி கேட்கத்தான் வழி குறைவு. இருக்கின்ற சிறு வழியையாவது நாம் முழுமையாகப் பயன்படுத்த வேண்டாமா?

யாரிடம் எதைக் கேட்பது?

கீழே உள்ளதை வெட்டி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்துக் கொள்ளுங்கள்.

நேரசூசி, வகுப்பு மாற்றம், ஆசிரியர் வகுப்புக்கு வராமை: அதிபர்.

அதிபரின் பதிலில் திருப்தியில்லை என்றால்: கோட்டக் கல்விப் பணிப்பாளர், பிரதி வலயத்துக்கு.

ஆசிரியர் பற்றாக்குறை, இணைப்பு, கட்டடத் திருத்தம்: வலயக் கல்விப் பணிப்பாளர், பிரதி மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கு.

தேசிய பாடசாலையின் நிர்வாகம்: கல்வி அமைச்சின் செயலாளர், இசுருபாய, பத்தரமுல்லை.

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத குடும்பம்: கிராம உத்தியோகத்தரும் பாடசாலையும். 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை கட்டாயமாக இருந்த கல்வி, 2016இல் 16 வயது வரை நீடிக்கப்பட்டுள்ளது. வயதுக்கு வந்துவிட்டாள் என்று மகளை மறித்து வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

முறைப்பாட்டை வாயால் சொல்லாதீர்கள், எழுதுங்கள். ஒரே பக்கம் போதும். என்ன பிரச்சினை, எந்தத் திகதியிலிருந்து, எத்தனை பிள்ளைகள் பாதிக்கப்பட்டுள்ளார்கள், நீங்கள் கேட்பது என்ன என்று நான்கு பந்தியில் எழுதுங்கள். யாரையும் ஏச வேண்டாம். பத்துத் தாய்மார் கையொப்பமிடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வோர் அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் அதை எழுதிக் கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் மேல் ஆணைக்குழு உண்டு.

அந்தத் தாய்க்கு என்ன நடந்தது?

அன்று மாலையே அந்த மேசையில் ஒரு கடிதம் எழுதப்பட்டது. "வெற்றிடம்" என்ற சொல்லே அதில் இல்லை. இந்தப் பாடசாலையின் பட்டியலிலுள்ள கணித ஆசிரியர்கள் இப்போது எங்கே கடமையாற்றுகிறார்கள் என்பது மட்டுமே கேட்கப்பட்டிருந்தது. வகுப்புத் தாய்மார் பதினெட்டுப் பேர் கையொப்பமிட்டார்கள். அவர்களில் இருவர் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள்.

மூன்று கிழமைக்குப் பின் பதில் வந்தது. ஒருவர் பிரசவ லீவில். ஒருவர் இணைப்பில். மூன்றாமவர் பாடசாலையிலேயே இருக்கிறார்; ஆனால் கீழ் வகுப்புகளுக்குக் கற்பிக்கிறார். அந்தக் கடிதத்தோடு தாய்மார் அதிபரைச் சந்தித்தார்கள். மூன்றாம் ஆசிரியருக்குப் பத்தாம் தரத்தில் கிழமைக்கு மூன்று பாடவேளை ஒதுக்கப்பட்டது. இணைப்பில் சென்றவர் தவணை முடிவில் திரும்புவார் என்று வலயத்திலிருந்து எழுத்தில் வந்தது.

இழந்த இரண்டு தவணையும் திரும்பவில்லை. மகள் இப்போது விடிய சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் பழைய பாடங்களைத் தானே செய்து பார்க்கிறாள். விளங்காததை ஒரு கொப்பியில் குறித்து வைத்து, பாடவேளையில் கேட்கிறாள்.

அந்தத் தாய் சென்ற கிழமை வந்தபோது, கையில் இன்னோர் உறை இருந்தது. "இது என்ன தங்கச்சி?" என்று கேட்டேன்.

"எட்டாம் வகுப்பு உம்மாமார் கேட்டாங்க ராத்தா. அவங்கட விஞ்ஞானப் பாடத்துக்கு. அவங்களுக்கு எழுதிக் குடுத்திட்டன். நீங்க ஒருக்கா எழுத்துப் பிழை மட்டும் பாருங்க."